பால் பாக்கெட்டும் 50 கோடி யூரோவும்

ஒரு பால் பாக்கெட்டை 22 ரூபாய்க்கு வாங்கி 24 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி ஷட்டரை இறக்கும்போது 100 பாக்கெட் மீதி. இருப்பு நோட்டில் 2,200 என்று எழுதுவீர்களா, 2,400 என்றா? வாங்கிய விலைக்கு எழுதுகிறவர்கள் உண்டு. விற்கும் விலைக்கு எழுதி, லாபத்தைப் பிறகு கழித்துக்கொள்கிறவர்களும் உண்டு. எப்படி எழுதினாலும் பால் அதே பால்தான்.

ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் இந்த இரண்டு ரூபாய் வித்தியாசத்தில்தான் தடுக்கி விழுந்தது. 2011இல் அது தன் பழைய சரக்கு மென்பொருளைத் தூக்கிவிட்டு எஸ்ஏபி நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டுவரத் தொடங்கியது. திட்டத்துக்கு எல்விஸ் என்று பெயர். வாங்குகிறவரும் ஜெர்மன் கம்பெனி, விற்கிறவரும் ஜெர்மன் கம்பெனி. இரண்டின் தலைமையகமும் ஒரே மாநிலத்தில். மொழி புரியவில்லை, பணம் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

எஸ்ஏபியின் சில்லறை வணிக மென்பொருள் இருப்பை விற்பனை விலையில் மதிப்பிடும்படி எழுதப்பட்டிருந்தது. லிடில் காலகாலமாக வாங்கிய விலையில் மதிப்பிட்டுவந்தது. ‘எங்கள் வழக்கத்தை மாற்ற மாட்டோம், மென்பொருளை மாற்றிக்கொடுங்கள்’ என்பது லிடிலின் நிலை. மாற்றினார்கள். இருப்பு மதிப்பு என்பது கொள்முதல், விலை நிர்ணயம், கழிவு, லாபக் கணக்கு என்று எல்லாவற்றின் அடியிலும் ஓடும் எண். அங்கே கை வைத்தால் இங்கே ஒழுகும். ஒழுகும் இடத்தையெல்லாம் அடைத்து அடைத்தே ஏழு ஆண்டுகள் ஓடின. ஆஸ்திரியா, வட அயர்லாந்து, அமெரிக்கா என்று சில இடங்களில் ஓட்டியும் பார்த்தார்கள். 2018 ஜூலையில் எல்லாவற்றையும் மூட்டைகட்டிவிட்டுப் பழைய மென்பொருளுக்கே திரும்பினார்கள்.

ஜெர்மன் பத்திரிகைகள் போட்ட மதிப்பு ஏறத்தாழ 50 கோடி யூரோ. அன்றைய மாற்று விலையில் சுமார் 4,000 கோடி ரூபாய். ஏழு ஆண்டுக்கு வகுத்தால், ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து, தினம் ஏறத்தாழ 2 லட்சம் யூரோ. அப்போது லிடிலுக்கு இருந்த கடைகள் 10,000க்கும் சற்று மேல். கடைக்கு ஏறக்குறைய 50,000 யூரோ என்று விழுகிறது. கடைசியில் எந்தக் கடையிலும் புதிய மென்பொருள் நிலைக்கவில்லை. விலை மதிப்பீடு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. நடுவில் நிர்வாகத் தலைகளும் மாறின. ஆனால் மாற்ற மறுத்த வழக்கங்களில் முதலில் நிற்பது அதுதான்.

இப்படிப்பட்ட தோல்விகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு பத்திகளைத்தான் நிரப்புவார்கள்: போட்ட தொகை, ஆன தொகை. எனக்கு மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும். அதில் தொகை வராது, விதிகளின் எண்ணிக்கை வரும். வேலை நடக்கும் முறையில் எத்தனை விதி, எத்தனை விலக்கு, எத்தனை ‘இவருக்கு மட்டும் இப்படி’? முதல் இரண்டு பத்திகளுக்கு நடுவில் உள்ள பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை இந்த மூன்றாவது பத்தியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

24,000

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை. மருத்துவர், செவிலியர், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 78,000 பேர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம். லேட்டிஸ் என்ற பழைய சம்பள மென்பொருளுக்கு 2008க்குப் பிறகு அதைச் செய்த நிறுவனத்தின் பராமரிப்பு கிடையாது என்ற நிலை. அவசரம் அங்கேதான் பிறந்தது. 2007 டிசம்பரில் ஐபிஎம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. சுகாதாரத் துறையின் சம்பளப் பகுதிக்கு முதலில் போட்ட விலை 61.9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்.

அந்தத் துறையில் ஓர் ஆளின் சம்பளத்தைத் தீர்மானிப்பவை 13 சம்பள ஆணைகள், அவற்றின் மேல் பல தொழிற்சங்க ஒப்பந்தங்கள், அவற்றின் மேல் 200க்கும் மேற்பட்ட படிகள். ஒன்றோடொன்று பெருக்கிப் பார்த்தால் 24,000க்கும் மேற்பட்ட சம்பளச் சேர்க்கைகள் வந்தன. மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் 2010இல் எழுதிய எண் இது. 78,000 பேருக்கு 24,000 விதம். சராசரியாக மூன்று பேருக்கு ஒரு கணக்கு முறை!

ஒரு செவிலியரை எடுத்துக்கொள்வோம். செவ்வாய் இரவு ஷிஃப்ட் அவருக்கு. தோழிக்கு உடல்நிலை சரியில்லை என்று புதன் பகலையும் சேர்த்துப் பார்க்கிறார். இரவுப் படி உண்டு, இரட்டை ஷிஃப்டுக்குத் தனி விகிதம் உண்டு, நடுவில் கட்டாய ஓய்வு கிடைக்காததற்கு இன்னொரு விகிதம் உண்டு. வார்டு மேற்பார்வையாளர் இதைத் தாளில் எழுதிச் சம்பளப் பிரிவுக்கு ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும். சம்பளக் காலம் முடிந்த கையோடு சம்பளம் போட்டாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். தாள் வந்து சேர்வதற்குள் சம்பளம் போய்விடும். அடுத்த முறை திருத்தம், அதற்கு அடுத்த முறை திருத்தத்துக்குத் திருத்தம். பழைய மென்பொருள் காலத்தில் இதையெல்லாம் உள்ளூர் ஆஸ்பத்திரிச் சம்பள எழுத்தர் ஆளைத் தெரிந்து, முகம் பார்த்துச் சரிக்கட்டிவந்தார்.

இந்த முறையில் ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்காமல் 24,000 சேர்க்கைகளையும் அப்படியே மென்பொருளில் ஏற்றினார்கள். 2010 மார்ச்சில் திறந்தார்கள். முதல் சம்பளத்திலேயே ஆயிரக்கணக்கானவர்களுக்குக் குறைவாகப் போனது, சிலருக்கு அதிகமாகப் போனது, சிலருக்குப் போகவே இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 2012இல், கேபிஎம்ஜி நிறுவனம் கணக்குப் பார்த்தது. ஒவ்வொரு இரண்டு வாரமும் சம்பளம் போட 1,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள், 92,000 படிவங்கள், கையால் செய்யும் வேலைகள் 2,00,000க்கும் மேல். புதிய மென்பொருள் வந்த பிறகு, தலைக்கு ஒரு படிவத்துக்கும் மேல்! எட்டு ஆண்டு மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தொடும் என்று அந்த அறிக்கை கணித்தது.

61.9 லட்சம் எங்கே, 120 கோடி எங்கே? 194 மடங்கு. ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு கோணல் இருக்கிறது. எழுதுகிறவர்கள் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். முதல் எண் மென்பொருளைக் கட்டித்தரும் விலை. இரண்டாவது எண்ணில் எட்டு ஆண்டு ஓட்டும் செலவும், அந்த 1,000 பேரின் சம்பளமும் அடக்கம். எனவே மடங்கை விட்டுவிட்டு வேறு விதமாக வகுத்துப் பார்த்தேன். 120 கோடியை எட்டால் வகுத்தால் ஆண்டுக்கு 15 கோடி. 78,000 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1,923 டாலர். ஆண்டுக்கு 26 சம்பளம் என்பதால், ஒரு சம்பளச் சீட்டுப் போட ஏறத்தாழ 74 டாலர். சம்பளம் இதில் சேராது. அதைக் கணக்கிட்டுத்தர ஆகும் கூலி மட்டுமே 74 டாலர்.

2013இல் ரிச்சர்ட் செஸ்டர்மன் தலைமையிலான விசாரணை ஆணையம் இதை ஆராய்ந்தது. அரசு நிர்வாகத் தோல்விகளின் முதல் வரிசையில் இதை வைத்தார் அவர். தனக்கு என்ன வேண்டும் என்பதை அரசு தீர்மானிக்கவே இல்லை என்பது அவர் கண்ட முக்கியக் குறைகளில் ஒன்று.

பிறகு செய்த திருத்தங்களில் எனக்கு மிகப் பிடித்தது எந்த மென்பொருள் நிபுணரும் எழுதாதது. 2012இல் சம்பள நாளை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். படிவம் வந்து சேர ஏழு நாள் கிடைத்தது. இந்த யோசனை சொல்லக் கணினி தேவையில்லை, 2007இலேயே சொல்லியிருக்கலாம்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விடக் கூடாது. அந்த 24,000இல் பெரும்பகுதி வீம்புக்கு வந்ததல்ல. இரவில் கண்விழித்தவருக்குக் கூடுதல் காசு என்பது தொழிலாளர்கள் போராடிப் பெற்ற உரிமை. மென்பொருளுக்கு வசதியாக இல்லை என்று அதை வெட்ட எவருக்கும் அதிகாரம் கிடையாது. தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து, ஒருவருக்கும் ஒரு காசு குறையாமல், ஒரே மாதிரியான ஐம்பது படிகளை ஐந்தாக்க முடியுமா என்று பேசியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வருடம் ஆகும், இரண்டு வருடம்கூட ஆகலாம். அந்தப் பேச்சுக்கு யாரும் விலைப்புள்ளி தருவதில்லை, டெண்டரில் அதற்கு வரியும் இல்லை.

80,000

குயின்ஸ்லாந்து எரிந்துகொண்டிருந்த அதே காலத்தில் கனடா மத்திய அரசு தன் ஊழியர்கள் ஏறத்தாழ 2,90,000 பேருக்கு ஃபீனிக்ஸ் என்ற சம்பள மென்பொருளைக் கட்டிக்கொண்டிருந்தது. ஆரக்கிளின் பீப்பிள்சாஃப்ட், கட்டித்தருவது அதே ஐபிஎம். விதிகள் 80,000க்கும் மேல். 2009இல் ஒப்புதல் தந்த மொத்தத் தொகை 31 கோடி கனடா டாலர். ஆண்டுக்கு 7 கோடி மிச்சமாகும் என்பது கணக்கு.

அந்த 31 கோடியில் மென்பொருளுக்கென்று ஒதுக்கியது 15.5 கோடி. 2012இல் ஐபிஎம் 27.4 கோடி ஆகும் என்று சொன்னது. நம் ஊரில் வீடு கட்டுகிறவருக்கு மேஸ்திரி இப்படிச் சொன்னால் இரண்டு வழி: பணம் புரட்டுவது, அல்லது மாடியை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தோடு நிறுத்துவது. கனடாவில் மூன்றாவது வழி கண்டார்கள். வீட்டின் அளவைக் குறைக்கவில்லை, தூண்களைக் குறைத்தார்கள். முன்தேதியிட்ட ஊதிய உயர்வைக் கணக்கிடும் வசதி உட்படப் பல செயல்பாடுகளை நீக்கியோ ஒத்திவைத்தோ 15.5 கோடிக்குள் அடக்கினார்கள். சோதனைகளைச் சுருக்கினார்கள். ஒரு துறையில் மட்டும் வெள்ளோட்டம் விடுவதாக இருந்ததையும் 2015இல் கைவிட்டார்கள். 80,000 விதி அப்படியே இருந்தது.

‘கனடா நடைமுறையை மாற்றத்தானே செய்தது?’ என்று ஒருவர் கேட்கலாம். ஆமாம், ஒன்றை மாற்றினார்கள். துறைதோறும் இருந்த சம்பள ஆலோசகர் பணியிடங்கள் ஏறத்தாழ 1,200ஐ எடுத்துவிட்டு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிச்சி என்ற சிற்றூரில் ஒரே மையத்தில் சுமார் 550 பேரை வைத்தார்கள். ஆள் மாறியது, இடம் மாறியது, எண்ணிக்கை குறைந்தது. விதி மட்டும் மாறவில்லை. விதிகளை மனப்பாடமாக வைத்திருந்த அனுபவசாலிகள் போய்விட, விதிகள் மட்டும் தங்கிவிட்டன. நடைமுறைச் சீரமைப்பு என்ற பெயரில் ஆட்குறைப்பு நடக்கும்போதெல்லாம் இந்த மிராமிச்சிக் கணக்கைத்தான் நினைத்துக்கொள்வேன்.

2016 பிப்ரவரி 24இல் திறந்தார்கள். 2017 ஜூன் மாதத்தில் சம்பளச் சிக்கல் தீராமல் காத்திருந்தவர்கள் 1,50,000க்கும் மேல். கூடப் போனது, குறையப் போனது இரண்டையும் சேர்த்துப் பிழைகளின் மதிப்பு 52 கோடி கனடா டாலர். தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் 2018இல் இதை விளங்கிக்கொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார். பின்வந்த ஆண்டுகளில் செலவு 350 கோடி டாலரைத் தாண்டியது. ஆண்டுக்கு 7 கோடி மிச்சம் என்பது உண்மையாகவே கிடைத்திருந்தாலும், இந்த 350 கோடியை அடைக்க 50 ஆண்டு வேண்டும்.

அமெரிக்க விமானப்படையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே காட்டுவதற்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. 200க்கும் மேற்பட்ட பழைய தளவாட மென்பொருள்களை ஒன்றாக்க 2005இல் தொடங்கிய இசிஎஸ்எஸ் திட்டத்தை 2012 நவம்பரில் கைவிட்டார்கள். செலவு 103 கோடி டாலர். நினைத்ததில் கால் பங்கை மட்டும் முடிப்பதற்கே இன்னும் 110 கோடி டாலரும் 2020 வரை அவகாசமும் வேண்டும் என்று கணக்கு வந்தபோதுதான் நிறுத்தினார்கள். எட்டு ஆண்டில் ஆறு திட்ட மேலாளர்கள். அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு 2014 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே, நடைமுறையை மாற்றியமைக்க வேண்டிய தேவை என்ற தொடர் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பாதுகாப்புத் துறையின் நிர்வாக மென்பொருள்களுக்கு அப்படி மாற்றியமைப்பது கட்டாயம் என்று 2010ஆம் நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டமே சொல்லியிருந்தது.

14இலிருந்து 3

இனி வரவுப் பக்கம். 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் வட அமெரிக்கப் பகுதியில், சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் மட்டும் 500க்கும் மேற்பட்டவர்கள். கணினிகளைப் புகுத்தி 20 சதவீதம் குறைத்து 400 ஆக்கலாம் என்று நிர்வாகம் திட்டம் போட்டது. கெட்டிக்காரத்தனமான திட்டம் என்றுதான் நினைத்திருப்பார்கள், ஜப்பானின் மாஸ்டாவைப் போய்ப் பார்க்கும்வரை. அங்கே அதே வேலைக்கு ஐந்து பேர். மாஸ்டா சிறிய கம்பெனிதான். ஆனால் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் 500க்கும் 5க்கும் கணக்கு ஒட்டாது.

ஃபோர்டில் நடந்தது என்ன என்பது நம் ஊர்த் தொழிற்சாலைகளில் பில் பாஸ் செய்கிறவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். கொள்முதல் பிரிவு பர்ச்சேஸ் ஆர்டர் போடும், ஒரு நகல் கணக்குப் பிரிவுக்கு. சரக்கு வந்ததும் ஸ்டோர்ஸ் வரவுச் சீட்டு எழுதும், அதன் நகலும் கணக்குப் பிரிவுக்கு. சப்ளையர் இன்வாய்ஸ் அனுப்புவார். மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 14 விவரங்கள் பொருந்துகின்றனவா என்று எழுத்தர் பார்க்க வேண்டும். பொருந்தினால் பணம் போகும். பொருந்தாவிட்டால்? ஆர்டரில் 500, வரவில் 480, பில்லில் 500. யாருக்காவது போன் போட வேண்டும், கடிதம் எழுத வேண்டும், பைலைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அந்த 500 பேரின் பொழுதில் பெரும்பகுதி பொருந்தாத தாள்களிலேயே போனது. தாளுக்குப் பதில் திரையில் 14ஐயும் ஒப்பிட வைத்திருந்தால், பொருந்தாதது வேகமாகத் தெரிந்திருக்கும். பொருந்தாமல் போவது நின்றிருக்காது.

ஃபோர்டு கேள்வியையே மாற்றியது. பணம் தருவது இன்வாய்ஸுக்கா, சரக்குக்கா? சரக்குக்குத்தான் என்றால் இன்வாய்ஸ் எதற்கு? இன்வாய்ஸை எடுத்துவிட்டார்கள். ஆர்டர் கணினியில் இருக்கும். சரக்கு வாசலுக்கு வந்ததும், வாங்கி இறக்குகிறவரே திரையில் பார்ப்பார். ஆர்டரோடு பொருந்தினால் வரவு வைப்பார், பணம் தானே போகும். பொருந்தாவிட்டால் லாரியைத் திருப்பி அனுப்புவார். பார்க்க வேண்டியவை மூன்றே மூன்று: பாகத்தின் எண், அளவை அலகு, சப்ளையர் குறியீடு. இப்படிச் செய்த இடங்களில் ஆட்கள் 75 சதவீதம் குறைந்தார்கள். போட்ட இலக்கு 20.

மைக்கேல் ஹாமர் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை வழியாகத்தான் உலகத்துக்கு இது தெரியவந்தது. அதில் இன்னொரு கணக்கும் உண்டு. மியூச்சுவல் பெனிஃபிட் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் ஒரு விண்ணப்பம் 30 படி தாண்ட வேண்டும், 5 பிரிவுகள், 19 கைகள். வழக்கமாக 5 முதல் 25 நாள். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே ஆள் பொறுப்பு என்று மாற்றியதும் நாலு மணி நேரத்திலும் முடிக்க முடிந்தது, சராசரி 2 முதல் 5 நாள். கிளை அலுவலகங்களில் 100 பணியிடங்கள் போயின என்பதையும் அதே கட்டுரை எழுதுகிறது. வரவுப் பக்கத்தை எழுதும்போது இந்தப் பற்றையும் எழுதத்தான் வேண்டும்.

கணக்கில் வராத சாக்லேட்

1999 ஜூலையில் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11.2 கோடி டாலர் மென்பொருளைத் திறந்தது. 48 மாதம் வேண்டும் என்றிருந்த வேலையை 30 மாதத்தில் நெருக்கியிருந்தார்கள். திறந்த நேரமோ ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் வந்து குவியும் நேரம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பட்டாசுக் கடையில் பில் மெஷினை மாற்றுவது போல! 10 கோடி டாலர் ஆர்டருக்குச் சரக்கு அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டு லாபம் 19 சதவீதம் விழுந்தது.

இதில் பெரிய சோகம், பல சமயம் சரக்கு கையிருப்பில் இருந்தது என்பதுதான். சீசன் நேரத்தில் இடம் போதாமல், கிடைத்த காலி அறைகளிலும் வாடகை இடங்களிலும் சாக்லேட்டை அடுக்கி வைப்பது அங்கே வழக்கம். எங்கே எவ்வளவு என்பது ஆட்களுக்குத் தெரியும். அந்த இடங்கள் மென்பொருளில் கிடங்காகப் பதிவாகவில்லை. மென்பொருளைப் பொறுத்தவரை அந்தச் சாக்லேட் உலகத்திலேயே இல்லை.

திருப்பூர் பனியன் கம்பெனியோ, கோயம்புத்தூர் பம்ப் ஒர்க்‌ஷாப்போ, சிவகாசி அச்சகமோ, எங்கே போனாலும் ஸ்டோர்ஸ்காரர் மேசை டிராயரில் ஒரு குயர் நோட்டு இருக்கும். கணினியில் ஒரு இருப்பு, அந்த நோட்டில் ஒரு இருப்பு. பழைய வாடிக்கையாளருக்கு பில் இல்லாமல் மாற்றிக்கொடுத்த பெட்டி, ஜாப் ஒர்க்குக்குப் போய்த் திரும்பாத துணி, ‘அண்ணன் சொன்னார்’ என்று எடுத்துப்போன இரண்டு மோட்டார். உண்மை இருப்பு எது என்று கேட்டால் முதலாளியே நோட்டைத்தான் காட்டுவார். ஹெர்ஷியின் காலி அறைகளுக்கும் இந்த டிராயருக்கும் அளவில்தான் வித்தியாசம்.

எல்லாத் தோல்வியையும் இந்தக் கணக்கில் எழுத முடியாது. அமெரிக்க மருந்து விநியோக நிறுவனமான ஃபாக்ஸ்மேயரின் பழைய பெருங்கணினி ஓர் இரவில் 4,20,000 ஆர்டர்களைக் கையாண்டது. புதிய மென்பொருளால் 10,000ஐத்தான் தாங்க முடிந்தது. 1996இல் அந்த நிறுவனம் திவாலானது. அது சுமை தாங்காத வண்டி. வண்டியைக் குறை சொல்வதுதான் அங்கே நியாயம்.

பர்மிங்ஹாம் மாநகராட்சியின் கதை வேறு. இங்கிலாந்தின் இந்த மாநகராட்சி 1999இலிருந்து ஓடிய எஸ்ஏபியை எடுத்துவிட்டு ஆரக்கிளுக்கு மாற ஏறத்தாழ 2 கோடி பவுண்டு போட்டது. முதலில் எடுத்த கொள்கை நல்ல கொள்கை: மென்பொருள் எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்போம், நம் முறையை அதற்கேற்ப மாற்றுவோம். போகப் போக, பிரிவு பிரிவாக ‘எங்களுக்கு மட்டும் பழையபடி வேண்டும்’ என்று கேட்க, அந்தக் கொள்கை கரைந்தது. மாற்றி எழுதியவற்றில் ஒன்று வங்கிக் கணக்கை ஒப்பிடும் பகுதி. 2022 ஏப்ரலில் திறந்ததும் எந்தப் பணம் எந்தக் கணக்குக்கு வந்தது என்றே தெரியாமல், ஆட்களை வைத்துக் கையால் பதிய வேண்டியதாயிற்று. 2023 செப்டம்பரில் மாநகராட்சி தன்னிடம் பணம் இல்லை என்று அறிவித்தது. சம ஊதிய வழக்குகளின் பாக்கி அதற்குப் பெரிய காரணம், 76 கோடி பவுண்டு வரை போகலாம் என்று சொல்லப்பட்ட தொகை அது. மென்பொருள் அந்தச் சுமைக்கு மேல் வைத்த கல். 2024இல் மென்பொருளின் மதிப்பீட்டுச் செலவு 13.1 கோடி பவுண்டு, முதலில் போட்டதைப் போல ஆறரை மடங்கு. இத்தனைக்கும் பிறகு எடுத்த முடிவு, மாற்றி எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு ஆரக்கிளை அதன் மூல வடிவத்திலேயே மறுபடி நிறுவுவது. எந்தக் கொள்கையோடு தொடங்கினார்களோ அதே கொள்கை.

நம் பக்கத்தில் ஒரு நல்ல கணக்கும் உண்டு. சாலிகிராமத்திலோ அமைந்தகரையிலோ தாம்பரத்திலோ பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு ஏ, பி, சி கவுன்ட்டர்கள் நினைவிருக்கும். 2008இல் டிசிஎஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி 2010இல் கர்நாடகத்தில் வெள்ளோட்டம் விட்ட திட்டம். முதலில் திட்டமிட்ட மையங்கள் 77. பழைய அலுவலகத்தில் கணினி வைத்ததோடு நிற்கவில்லை. வேலையையே மூன்றாகப் பிரித்தார்கள். ஏ கவுன்ட்டரில் ஆவணம் ஏற்றுவதும் புகைப்படமும் கைரேகையும். அது கம்பெனி ஊழியர் வேலை. பி கவுன்ட்டரில் சரிபார்ப்பு, சி கவுன்ட்டரில் ஒப்புதல்; இரண்டும் அரசு அதிகாரிகளிடமே. முன்கூட்டியே நேரம், கையில் டோக்கன், ஒரே வருகை. எது அரசிடம் இருக்க வேண்டும், எது இருக்க வேண்டியதில்லை என்று முதலில் பிரித்துவிட்டுப் பிறகு மென்பொருள் எழுதினார்கள். அந்த மையத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத வேலை போலீஸ் விசாரணை. பாஸ்போர்ட் தாமதமானால் இன்றும் நாம் முதலில் விசாரிப்பது அதைத்தான்.

உங்கள் கம்பெனிக்கும் மென்பொருள் விற்க யாராவது வந்து உட்கார்ந்திருக்கலாம். விலைப்புள்ளியில் பேரம் பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு முற்பகலை ஒதுக்கி, உங்கள் ஸ்டோர்ஸுக்குப் போய், டிராயரில் இருக்கும் அந்தக் குயர் நோட்டை வாங்கி, ‘இவருக்கு மட்டும்’, ‘இந்தத் தடவை மட்டும்’ என்று எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அங்கேதான் எழுதியிருப்பார்கள்.